1000 மீட்டர் தட்டுக்கு ஸ்கோப்: எலிவேஷன் எவ்வளவு இருந்தால் போதும்?

இரும்புத்தட்டு:

வணக்கம் நண்பர்களே. .308 வின்செஸ்டர் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள், 175 கிரெய்ன் எடைத் தோட்டா, குரோனோகிராஃபில் (தோட்டாவின் வேகமானி) வினாடிக்கு 790 மீட்டர் வருகிறது. மேலே இப்போது இருப்பது 1 அங்குலக் குழாய் 3-9×40 ஸ்கோப் (3 முதல் 9 மடங்கு உருப்பெருக்கம், 40 மி.மீ. முன் லென்ஸ்). கால் எம்ஓஏ கிளிக் (எம்ஓஏ என்பது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு), மூடி போட்ட டரட் (குறியை நகர்த்தும் திருகு), பேரலாக்ஸ் (கண் அசைந்தால் குறி இலக்கின் மேல் நகர்வது) சரிசெய்யும் வசதி கிடையாது. ஸ்கோப்பைத் தாங்கும் ரெயில் சமதளம்.

மொத்த எலிவேஷன் (குறியை மேலும் கீழும் நகர்த்தும் அளவு) 60 எம்ஓஏ என்று பெட்டியில் போட்டிருக்கிறது. ஆனால் 100 மீட்டரில் ஜீரோ வைத்த (குறி வைத்த இடத்திலேயே தோட்டா விழும்படி சரிசெய்த) பிறகு மேல்நோக்கி 27 எம்ஓஏதான் சுற்ற முடிகிறது. அதோடு டரட் முட்டி நின்றுவிடுகிறது, 750 மீட்டருக்கு மேல் எட்டவில்லை. 300 முதல் 1000 மீட்டர் வரை இரும்புத் தட்டுகளைச் சுட வேண்டும். பின்னால் எஃப்-கிளாஸ் போட்டியின் காகித இலக்கும் சுடலாம் என்று இருக்கிறேன்.

60-ல் மீதி எங்கே போனது? 34 மி.மீ. குழாய் வாங்கியே தீர வேண்டுமா? 20 எம்ஓஏ சரிவு ரெயில் போட்டால் இதே ஸ்கோப்பை வைத்துச் சமாளிக்கலாமா? அலகு மில்லா (1000 மீட்டரில் 1 மீட்டர்), எம்ஓஏவா?

கிளிக்_எண்ணி:

மீதி எங்கேயும் போகவில்லை, கீழ்ப்பக்கம் சும்மா கிடக்கிறது. பெட்டியில் எழுதியிருப்பது அடி முட்டிலிருந்து மேல் முட்டு வரைக்குமான மொத்த ஓட்டம். ஸ்கோப்புக்குள் ரெட்டிகிளை (குறிக்கோடுகளை) தாங்கும் சின்னக் குழாய் ஒன்று இருக்கிறது, டரட் அதைத்தான் தள்ளுகிறது. அது நடுவில் நிற்கும்போது மேலே 30, கீழே 30. அந்த மேல் 30-லும் 100 மீட்டர் ஜீரோ வைக்கவே கொஞ்சம் செலவாகும். தோட்டா 100 மீட்டர் போவதற்குள் 8 செ.மீ.க்குச் சற்று மேல் விழுகிறது. ஸ்கோப்பின் மையம் குழலின் மையத்துக்கு 4.5 செ.மீ. மேலே இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து 13 செ.மீ., அதாவது 1.3 மில், சுமார் 4.5 எம்ஓஏ. 30-ல் இது போனால் 25.5. உங்களுக்கு 27 கிடைக்கிறது என்றால் ரெயிலும் அதன்மேல் ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங்கும் உங்கள் பக்கம் ஒன்றரை எம்ஓஏ சாய்ந்திருக்கின்றன. சில ரைஃபிள்களில் இது எதிர்ப்பக்கம் சாய்ந்து 20-க்கும் கீழே இறக்கிவிடும்.

எனவே ஸ்கோப் பார்க்கும்போது மொத்த எலிவேஷனை மறந்துவிட்டு இந்தக் கணக்கைப் போடுங்கள்: மொத்தத்தில் பாதி, அதில் 1.3 மில் கழித்து, ரெயிலின் சரிவைக் கூட்டினால் வருவதுதான் உங்கள் கையில் இருக்கும் ஏற்றம்.

தேவை எவ்வளவு? உங்கள் தோட்டாவுக்கு கடல்மட்டக் காற்றில் தோராயமாக 600 மீட்டருக்கு 5.3 மில், 800-க்கு 8.8, 1000-க்கு 13.3. குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, அதில் இன்னும் கொஞ்சம் கேட்கும். ஆகவே 1000 மீட்டருக்கு 15 மில் கைவசம் இருந்தால் நிம்மதி.

20 எம்ஓஏ ரெயில் என்பது 5.8 மில். முன்பக்கம் தாழ்ந்து பின்பக்கம் உயர்ந்த ரெயில், 10 செ.மீ. நீளத்துக்கு 0.58 மி.மீ. உயரம், அவ்வளவுதான். இதைப் போட்டால் கீழே சும்மா கிடக்கும் ஓட்டம் மேலே வந்து சேரும். உங்கள் பழைய ஸ்கோப்பிலேயே 27-உம் 20-உம் 47 எம்ஓஏ, அதாவது 13.7 மில். கணக்குப்படி 1000 மீட்டர் தொட்டும் தொடாமலும் எட்டிவிடும்! முதலில் ரெயிலை வாங்குங்கள் என்பதுதான் என் யோசனை. புது ஸ்கோப்புக்கும் அதே ரெயில்தான், காசு வீணாகாது.

ஆனால் அந்த ஸ்கோப்பில் 1000 மீட்டர் சுடுவதை நான் ஆதரிக்க மாட்டேன். மேல் முட்டுக்கு நெருங்கிய கடைசிச் சில எம்ஓஏவில், எதிர்ப்பக்கமிருந்து தாங்கும் ஸ்பிரிங் தன் எல்லையில் நிற்கும். கிளிக் ஒழுங்காக நகராது. பேரலாக்ஸும் நிலையாக இருப்பதால், 100 மீட்டருக்கு வைத்த 40 மி.மீ. லென்ஸில் கண் விளிம்புக்குப் போனால் 1000 மீட்டரில் 18 செ.மீ. வரை குறி தவறலாம். ரெட்டிகிள் தட்டின் நடுவில்தான் தெரியும், தோட்டா வேறெங்கோ போகும்.

இனி வாங்க வேண்டியது. உதாரணத்துக்கு இரண்டு. வோர்டெக்ஸ் வைப்பர் பிஎஸ்டி ஜென் 2, 5-25×50: 30 மி.மீ. குழாய், மொத்தம் 20 மில். பாதி 10, கழித்தல் 1.3, கூட்டல் 5.8, ஆக 14.5 மில். உங்கள் 13.3 அதில் அடங்கும், கையிருப்பு 1.2. குறைந்தால் ரெட்டிகிளில் ஒரு மில் இறக்கிப் பிடித்தால் போயிற்று. நைட்ஃபோர்ஸ் அட்டாக்கர் 5-25×56: 34 மி.மீ. குழாய், 35 மில். சமதள ரெயிலிலேயே 16.2 வந்துவிடும். 34 மி.மீ. குழாய் அதிக வெளிச்சம் தரும் என்று சொல்வார்கள், அது தவறு. வெளிச்சம் முன் லென்ஸின் வேலை. பெரிய குழாய் தருவது உள்ளே நகர இடமும் கெட்டியான சுவரும்தான். .308-ஐ வைத்து 1000 மீட்டரோடு நிறுத்திக்கொள்பவருக்கு அது கட்டாயமில்லை. 1200, 1300 என்று போனால் தேவைப்படும்.

சரிவு கூடினால் இன்னும் நல்லதுதானே என்று 40 எம்ஓஏ ரெயிலை 20 மில் ஸ்கோப்போடு சேர்த்துவிடாதீர்கள். 40 எம்ஓஏ 11.6 மில்; கீழ்ப்பக்கம் உங்களிடம் இருப்பது 10-உம் 1.3-உம் சேர்ந்து 11.3. அடி முட்டுக்கு வந்த பிறகும் தோட்டா 3 செ.மீ. மேலேயே விழும், 100 மீட்டர் ஜீரோ கிடைக்கவே கிடைக்காது. 30 எம்ஓஏ ரெயிலில் 2.6 மில் மிஞ்சும், அது பரவாயில்லை.

சரிவு ரெயிலுக்கு இன்னொரு லாபம் உண்டு, இதை யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை. உள்குழாய் ஒரு வட்டத்துக்குள் நகர்கிறது. மேலே எவ்வளவு ஏறுகிறதோ அந்த அளவுக்கு இடவலம் சுருங்கும். 28 மில் ஸ்கோப் என்றால் வட்டத்தின் ஆரம் 14. சமதள ரெயிலில் 12 மில் ஏற்றினால் மையத்திலிருந்து 13.3 தள்ளி நிற்கிறீர்கள், பக்கவாட்டில் மிஞ்சுவது 4 மில் சொச்சம். 20 எம்ஓஏ ரெயிலில் அதே 12 மில்லை ஏற்றினால் மையத்திலிருந்து 7.5 தூரம்தான், பக்கவாட்டில் 12-ஐ ஒட்டிக் கிடைக்கும். 1000 மீட்டரில் வினாடிக்கு 4–5 மீட்டர் குறுக்குக்காற்றே 3 மில் பக்கம் கேட்கிற தோட்டா இது. விண்டேஜ் (இடவல) டரட் பாதியில் முட்டிக்கொள்கிறது, ஸ்கோப் பழுது என்று பலர் புகார் சொல்வதன் காரணம் பெரும்பாலும் இதுதான். லென்ஸின் நடுப்பகுதி வழியாகப் பார்ப்பதால் படமும் தெளிவாக இருக்கும்.

எஃப்டிஆர்:

மேலே சொன்ன கணக்கு அத்தனையும் சரி. அலகு பற்றி நான் சொல்கிறேன்.

மீட்டரில் தூரம் அளப்பவருக்கு மில் சுலபம்: 0.1 மில் கிளிக் 100 மீட்டரில் 1 செ.மீ., 1000-ல் 10 செ.மீ. எம்ஓஏ 100 மீட்டரில் 2.91 செ.மீ. எதை எடுத்தாலும் டரட்டும் ரெட்டிகிளும் ஒரே அலகில் இருக்க வேண்டும். மில் ரெட்டிகிள், எம்ஓஏ டரட் என்று கலந்து வரும் பழைய மாடல்களை மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். தட்டுக்கு 0.6 மில் கீழே விழுந்தது என்று ரெட்டிகிளில் படித்துவிட்டு, அதை 3.44-ஆல் பெருக்கி, பிறகு நான்கால் பெருக்கிக் கிளிக் எண்ணுவதற்குள் காற்று திரும்பிவிடும்.

எம்ஓஏ என்று எழுதியிருந்தாலும் நம்பிவிடக் கூடாது. உண்மையான எம்ஓஏ 100 கஜத்தில் 1.047 அங்குலம். சில ஸ்கோப்புகளில் அது சரியாக 1 அங்குலம். வித்தியாசம் அற்பமாகத் தோன்றும். 40 எம்ஓஏ ஏற்றும் இடத்தில் அது 1.8 எம்ஓஏ ஆகிறது. 1000 கஜத்தில் அரை மீட்டர் கீழே விழும். தோட்டா விழும் அளவைக் கணக்கிடும் பாலிஸ்டிக் செயலியில் தோட்டாவின் வேகத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக் குழம்புபவர்கள் முதலில் இதைச் சரிபார்க்கட்டும்.

ரெட்டிகிள் இருப்பது முதல் குவியத் தளமா (உருப்பெருக்கத்தோடு அதுவும் பெரிதாகும்), இரண்டாம் குவியத் தளமா (அதன் அளவு மாறாது) என்பதைச் சுடும் வகையை வைத்து முடிவு செய்யுங்கள். வெவ்வேறு தூரத்தில் இருக்கும் தட்டுகளுக்கு முதல் குவியத் தளமே வேண்டும். எந்த உருப்பெருக்கத்தில் இருந்தாலும் ரெட்டிகிளின் 1 மில் 1 மில்லாகவே இருக்கும். இரண்டாம் தளத்தில் அந்த அளவு ஒரே ஒரு உருப்பெருக்கத்தில்தான் சரி, பெரும்பாலும் உச்சத்தில். 24-ல் 1 மில் காட்டும் கோடு 12-ல் 2 மில். கானல் (சூடான காற்றின் அலையாட்டம்) எழுந்ததும் உருப்பெருக்கத்தைக் குறைத்துவிட்டு, அதை மறந்து காற்றுக்கு 2 மில் பிடித்தால் 4 மில் போய்விடும்.

எஃப்-கிளாஸ் வேறு கதை. அங்கே தூரம் மாறாது. 1000 கஜ இலக்கில் 10 புள்ளி வளையம் 10 அங்குலம், அதற்குள் எக்ஸ் வளையம் 5 அங்குலம். 0.1 மில் ஒரு கிளிக்குக்கு 3.6 அங்குலம் நகர்த்தும். எக்ஸ் வளையத்தின் மையத்தில் குழுவை உட்கார வைக்க அது முரடு. எட்டில் ஒரு பங்கு எம்ஓஏ கிளிக் 1.3 அங்குலம் நகர்த்தும். அதனால்தான் அங்கே இரண்டாம் குவியத் தளம், மெல்லிய ரெட்டிகிள், எட்டில் ஒரு பங்கு கிளிக் என்று போகிறார்கள். உங்கள் .308 எஃப்/டிஆர் பிரிவில் சேரும். அதில் ஸ்கோப், பைபாட் (இருகால் தாங்கி) எல்லாம் சேர்த்து எடை உச்சவரம்பு 8.25 கிலோ. ஒரு கிலோவைத் தாண்டும் ஸ்கோப்பை வாங்கும் முன் ரைஃபிளைத் தராசில் வைத்துப் பாருங்கள்.

இரண்டுக்கும் ஒரே ஸ்கோப் என்றால் முதல் குவியத் தளம், மில், 5-25 போதும். தட்டில் தொடங்குகிறீர்கள், அதற்கு ஏற்றதை வாங்குங்கள்.

உருப்பெருக்கத்துக்காகக் காசை இறைக்க வேண்டாம். கானல் ஆடும் மதியத்தில் 1000 மீட்டருக்கு 15-லிருந்து 18 வரைதான் பயன்படும். 25-க்குப் போனால் தட்டோடு கானலும் பெரிதாகிறது. அந்தக் காசை டரட்டில் போடுங்கள்.

இரும்புத்தட்டு:

மிக்க நன்றி, கணக்கு இப்போது தெளிவாகிவிட்டது. 20 எம்ஓஏ ரெயில், முதல் குவியத் தளம், மில், 26 மில்லுக்குக் குறையாத மொத்த ஓட்டம் என்று தேடுகிறேன். பாதி 13, அதில் 1.3 போக 5.8 சேர்த்து 17.5 வருகிறது.

டரட்டில் எதைப் பார்க்க வேண்டும்? ஜீரோ ஸ்டாப் (டரட் ஜீரோவுக்குக் கீழே போகாமல் தடுக்கும் முட்டு) அவசியமா? வாங்கிய பிறகு கிளிக் உண்மையிலேயே சொன்ன அளவு நகர்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

ரசமட்டம்:

ஜீரோ ஸ்டாப் அவசியம். ஒரு சுற்றுக்கு 10 மில் ஓடும் டரட்டில் 11.4-உம் 1.4-உம் ஒரே இடத்தில்தான் தெரியும். சுற்று தவறினால் 10 மில், 1000 மீட்டரில் 10 மீட்டர். ஜீரோ ஸ்டாப் இருந்தால் சந்தேகம் வந்த நிமிடமே முட்டும் வரை கீழே இறக்கிவிட்டு மறுபடி எண்ணிக்கொள்ளலாம். எத்தனையாவது சுற்று என்று காட்டும் முள்ளோ கோடோ இருப்பது இன்னும் நல்லது.

ஸ்டாப்பைச் சரியாக ஜீரோவிலேயே வைக்காதீர்கள், 0.5 மில் கீழே விட்டு வையுங்கள். வேறு தோட்டாவுக்கு மாறினால் ஜீரோ இரண்டு மூன்று கிளிக் இறங்க வேண்டியிருக்கும், ஸ்டாப் குறுக்கே நிற்கும். டரட் மூடியைப் பிடிக்கும் கிரப் ஸ்க்ரூக்களை மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்குங்கள். தளர்வாக விட்டால் மூடி வழுக்கும்; எண் நகரும், உள்ளே திருகு நகராது. மூடிக்கும் அடித்தளத்துக்கும் சேர்த்து, ஜீரோவில் மெல்லிய பெயிண்ட் கோடு ஒன்று போட்டு வையுங்கள். கடையில் சோதிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு பத்து கிளிக் சுற்றி, பிறகு எண்ணைப் பாருங்கள். எண்ணிக்கை தவறினால் அந்தக் கிளிக் விரலுக்கு எட்டவில்லை என்று அர்த்தம், கையுறையோடு இன்னும் மோசமாகும்.

பொருத்துவது. ரெயிலையும் ரிங்கையும் எண்ணெய்ப் பசை போகத் துடையுங்கள். ரெயிலில் உட்கார வைக்கும்போது ரிங்கை முன்பக்கமாகத் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள், இல்லையென்றால் பின்னுதைப்பில் அதுவாக முன்னே நகரும். ரிங் மூடி ஸ்க்ரூக்களுக்கு 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர் பொதுவான அளவு, தயாரிப்பாளர் வேறு சொன்னால் அதுவே சட்டம். டார்க் டிரைவர் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் கருவி) இல்லாமல் ஆலன் கீயின் நீண்ட பக்கத்தைப் பிடித்து முறுக்குவதுதான் நல்ல ஸ்கோப்புகளைக் கெடுக்கிறது. குழாய் நசுங்கினால் உள்குழாய் உரசும். 6 மில் வரை நன்றாக ஓடி அப்புறம் இழுத்துப் பிடிக்கும். மூடியின் இரண்டு பக்க இடைவெளியும் சமமா என்று பாருங்கள்.

கண்பக்க வளையத்தைச் சரி செய்த பிறகுதான் பேரலாக்ஸைத் தொட வேண்டும். வெறும் வானத்தையோ வெள்ளைச் சுவரையோ ஓரிரு வினாடி மட்டும் பாருங்கள். ரெட்டிகிள் உடனே கூர்மையாகத் தெரிய வேண்டும். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தானாகச் சரிசெய்துகொண்டு உங்களை ஏமாற்றும். பேரலாக்ஸ் குமிழில் எழுதியிருக்கும் தூரம் ஒரு தொடக்கம்தான். தலையை மேலும் கீழும் லேசாக அசைக்கும்போது ரெட்டிகிள் இலக்கின் மேல் நகராத இடம்தான் சரியான இடம்.

இனி முக்கியமான சோதனை, உயர இலக்குச் சோதனை என்பார்கள். ஒன்றரை மீட்டர் உயரப் பலகையில் காகிதம் ஒட்டி, தூக்குக்குண்டு தொங்கவிட்டு அதன் நூலையொட்டிச் செங்குத்துக் கோடு போடுங்கள். ரசமட்டக் குழாயை மட்டும் நம்பிப் போடாதீர்கள், நூல் பொய் சொல்லாது. கோட்டின் அடியில் குறிப்புள்ளி. தூரத்தை ஸ்டீல் டேப்பால் பலகையிலிருந்து ஸ்கோப் வரை அளந்து சரியாக 100 மீட்டர் வையுங்கள். லேசர் தூரமானியில் ஒரு மீட்டர் பிசகு வந்தால் அதுவே 1 சதவீதம், நாம் தேடுவதே அந்த அளவுப் பிழையைத்தான். மேலே ஏறும் தோட்டாக்களும் மண்மேட்டுக்குள் அடங்குகின்றனவா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள், ஒரு மீட்டருக்கு மேல் உயரும்.

ஜீரோவில் 5 தோட்டா. அதே குறிப்புள்ளியைப் பிடித்தபடி 10 மில் ஏற்றி 5 தோட்டா. இரண்டு குழுக்களின் மையத்துக்கும் இடையே சரியாக 100 செ.மீ. இருக்க வேண்டும். ஜீரோவுக்கு இறங்கி மறுபடி 5, அது முதல் குழுவின் மேலேயே விழ வேண்டும். 100 கஜத் தளத்தில் செய்தால் 91.4 செ.மீ. என்று நினைவில் வையுங்கள்.

செங்குத்துக் கோட்டையும் கவனியுங்கள். மேல் குழு கோட்டிலிருந்து 2 செ.மீ. வலப்பக்கம் போயிருந்தால் ரெட்டிகிள் ஒரு டிகிரிக்குச் சற்று மேல் சாய்ந்திருக்கிறது. 13 மில் ஏற்றும் 1000 மீட்டரில் அது 26 செ.மீ. வலம். காற்று என்று நினைத்து அதைத் தேடிக்கொண்டே இருப்பீர்கள். சுடும்போது ரைஃபிளே 3 டிகிரி சாய்ந்தால் 10 மில் ஏற்றத்தில் அரை மில் பக்கவாட்டில் போகும். ஸ்கோப் குழாயில் ஒரு சின்ன ரசமட்டம் மாட்டுங்கள், ரெட்டிகிளோடு அது ஒத்துப்போகும்படி தூக்கு நூலைப் பார்த்து வையுங்கள். ரைஃபிளின் உடம்பு ஸ்கோப்போடு லேசாகச் சாய்ந்திருப்பது பெரிய குற்றமில்லை. சுடும் நேரத்தில் ரெட்டிகிள் செங்குத்தாக இருப்பதுதான் முக்கியம்.

இரும்புத்தட்டு:

ஒரு சந்தேகம். டேப்பால் அளந்தும் 100-க்குப் பதில் 97.5 செ.மீ. வந்தால் ஸ்கோப்பைத் திருப்பி அனுப்பிவிட வேண்டுமா?

ரசமட்டம்:

உடனே வேண்டாம். 5 தோட்டாக் குழுவின் மையமே ஒரு செ.மீ. அங்குமிங்கும் இருக்கும். தோட்டா இல்லாமல் ஒருமுறை பாருங்கள்: ஸ்கோப்பை ரிங்கோடு கனமான வைஸில் அசையாமல் பிடித்து, 100 மீட்டரில் ஒரு அளவுகோலை நிறுத்தி, 2 மில் 2 மில்லாக ஏற்றி ரெட்டிகிள் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று எழுதுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும்.

எல்லாப் படியிலும் ஒரே மாதிரி இரண்டரை சதவீதம் குறைந்தால் அது திருத்தக்கூடியது. 13.3 வேண்டிய இடத்தில் 13.3-ஐ 0.975-ஆல் வகுத்து 13.6 சுற்றுங்கள். பெரும்பாலான பாலிஸ்டிக் செயலிகளில் இந்தத் திருத்தத்தைப் போட இடம் உண்டு. திருத்தாமல் விட்டால் 1000 மீட்டரில் 33 செ.மீ. கீழே விழும், தோட்டாவின் வேகம் குறைவு என்று நினைத்து அதை மாற்றுவீர்கள், பிறகு 600 மீட்டரில் கணக்கு உதைக்கும்.

கிளிக்_எண்ணி:

அதோடு ஒன்று. 4 மில் வரை சரியாக வந்து 8-க்கு மேல் குறைந்தாலோ, ஏறும்போது ஒன்று இறங்கும்போது ஒன்று காட்டினாலோ, ரிங்கைக் கழற்றி மறுபடி சரியான இறுக்கத்தில் மாட்டி ஒருமுறை பாருங்கள். குழாய் நசுங்கியதால் வந்திருந்தால் அதிலேயே போய்விடும். அப்படியும் போகவில்லை என்றால், அல்லது ஜீரோவுக்குத் திரும்பவில்லை என்றால், தயங்காமல் உத்தரவாதத்தில் அனுப்புங்கள். எழுதிய அளவுத் தாளையும் பெட்டிக்குள் வையுங்கள், சும்மா "சரியில்லை" என்று எழுதி அனுப்பினால் வெளியிலேயே துடைத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.